கொல்லைப்புறத் தேன் பெட்டியின் கதை

புனேயில் கணேஷ்கிண்ட் ரோடு வழியாகப் போய் வருகிற நம் ஆட்களில் பலர் அந்தப் பெயரைப் பார்த்திருக்கக்கூடும்: மத்தியத் தேனீ ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். காதி கிராமத் தொழில் ஆணையத்தின் கீழ் 1962-ல் ஆரம்பித்தது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஊரில் தேனீக்கு என்ன வேலை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இந்தியாவுக்குத் தேன் பெட்டி எப்படி வந்தது என்று தேடிப் படித்தபோது, கதை சுற்றிச் சுற்றி நம் ஊர்ப்பக்கமே வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதக் காரணம் உண்டு. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத் தேன்களைப் பரிசோதித்து, பலவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்று அறிவித்தது. அதற்கப்புறம் "நாமே ரெண்டு பெட்டி வெச்சா என்ன?" என்று கேட்கிற குடும்பங்கள் நமக்குள் அதிகமாகிவிட்டன. பெங்களூரில் தனி வீடு வைத்திருப்பவர், ஓய்வுக்குப் பிறகு ஊர்த் தோட்டத்துக்குத் திரும்ப நினைப்பவர், பிள்ளைகளை டிவி முன்னாலிருந்து எழுப்ப வழி தேடுபவர் என்று பல ரகம். பெட்டி, பூச்சி, முகவலை எல்லாம் ஒரே தொகுப்பாக விற்கவும் செய்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தப் பெட்டியின் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நம் நாட்டில் தேனீ வளர்ப்பு பலமுறை ஆரம்பித்துப் பலமுறை விழுந்திருக்கிறது. எங்கே எழுந்தது, எங்கே விழுந்தது என்று பார்த்தாலே உங்கள் வீட்டுக்கு எது சரிப்படும் என்பது புரிந்துவிடும்.

எந்தத் தேனீ?

தேனீ என்று பொதுவாகச் சொன்னாலும் நம் நாட்டில் முக்கியமாக ஐந்து வகை. பெரிய பாறையிலும் உயர்ந்த மரத்திலும் (இப்போது பன்னிரண்டாவது மாடி சன்ஷேடிலும்!) ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. செடிக்கிளையில் உள்ளங்கை அளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. இரண்டுமே திறந்த வெளியில் ஒரே ஒரு அடைதான் கட்டும். பெட்டிக்குள் வராது. பால்கனியில் தானாக வந்து கட்டியதைப் பார்த்து ரசிக்கலாம், வளர்க்க முடியாது.

மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் இருட்டுக்குள் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது பொந்துத்தேனீ. அடுக்குத்தேனீ என்றும் இந்தியத் தேனீ என்றும் சொல்வார்கள். பொந்தில் இருப்பதால் பெட்டிக்கும் வரும். கொட்டத் தெரியாத கொசுத்தேனீ நான்காவது. ஐந்தாவது, இத்தாலியத் தேனீ என்று நாம் அழைக்கும் ஐரோப்பியத் தேனீ. அது இங்கே குடியேறிய கதை பின்னால் வருகிறது.

பெட்டி வருவதற்கு முன் தேன் எடுப்பது என்றால் பெரும்பாலும் வேட்டைதான். மத்தியப் பிரதேசத்தின் பச்மரிப் பாறை ஓவியங்களில் ஏணி போட்டு ஏறித் தேன் எடுக்கும் மனிதர்களைப் பார்க்கலாம். கூட்டை அழித்துத்தான் தேன் எடுத்தார்கள். சரகர் நான்கு வகைத் தேனையும், சுஸ்ருதர் எட்டு வகைத் தேனையும் பிரித்துச் சொல்கிறார்கள். தேனைப் பற்றி இவ்வளவு அறிவு இருந்தும், தேனீயைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நாட்டின் பெரும்பகுதியில் வேர்விடவில்லை.

சுவருக்குள் ஒரு பானை

விதிவிலக்கு இமயமலைப் பக்கம். 1820-களில் காஷ்மீரில் சுற்றிய வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே கண்டதை எழுதி வைத்தார். 1841-ல் புத்தகமாக வந்தது. வீடு கட்டும்போதே சுவரில் தேனீக்கு இடம் விட்டுக் கட்டுகிறார்கள். சுவரின் குறுக்கே படுக்கவைத்த மண்குழாய். வெளிப்பக்கம் தேனீ போய்வரச் சின்ன ஓட்டை. உட்பக்கம், அதாவது அறைக்குள், மூடி போட்ட வாய். தேன் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் உள்ளிருந்து மூடியைத் திறந்து வைக்கோல் புகையை ஊதுவார். தேனீக்கள் வெளிப்பக்கமாக ஒதுங்கும். கைக்கு எட்டும் அடைகளை அறுத்துக்கொண்டு, அவற்றுக்கும் கொஞ்சம் விட்டுவைத்து மூடிவிடுவார்.

யோசித்துப் பாருங்கள். அதே காலத்தில் ஐரோப்பாவில் வைக்கோல் கூடையில் தேனீ வளர்த்தவர்கள், தேன் எடுப்பதற்காகக் கந்தகப் புகை போட்டுக் கூட்டத்தையே கொன்றுகொண்டிருந்தார்கள். இங்கே குளிர் தேசத்து விவசாயக் குடும்பம் தேனீயோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தது. இமாசலத்திலும் குமாவுன் மலைக் கிராமங்களிலும் இந்தச் சுவர்க் கூடுகளை இன்றும் காணலாம். குடும்பத்தோடு தேனீ வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல என்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு குறை உண்டு. அடைகள் குழாயோடு ஒட்டியிருக்கும். உள்ளே ராணி இருக்கிறதா, நோய் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்க முடியாது.

விரல் நுழையாத இடைவெளி

அந்தக் குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருந்த லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார். 1851-ல் அவர் கவனித்தது மிகச் சின்ன விஷயம். கூட்டுக்குள் இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தால் தேனீ அதைப் பிசின் வைத்து அடைத்துவிடும். அதிகமாக இருந்தால் அங்கேயும் அடை கட்டிவிடும். நடுவில் ஒரு அளவு, சுமார் ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. அதைப் போகவர வழியாக அப்படியே விட்டுவிடும். மரச்சட்டங்களை அந்த இடைவெளியோடு பெட்டிக்குள் தொங்கவிட்டால் ஒவ்வொரு அடையையும் புத்தகம் மாதிரி எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கலாம். 1852-ல் காப்புரிமை வாங்கினார்.

மற்றவை வேகமாக வந்தன. 1857-ல் ஜெர்மனியில் மேரிங் என்பவர் அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தாள் செய்தார். 1865-ல் ருஷ்கா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, அடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரிக்கும் கருவியைக் கொண்டுவந்தார். அடையை உடைக்காமல் தேன் எடுத்து, காலி அடையைத் தேனீக்கே திருப்பிக் கொடுக்கலாம். இன்றைக்குக் கொல்லைப்புறத்தில் இருக்கும் பெட்டியின் அடிப்படை அவ்வளவும் 1865-க்குள் முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்கள்.

இந்தியாவில் முதல் தோல்வி, முதல் வெற்றி

1880-களில் வங்காளத்தில் டக்ளஸ் என்ற தந்தித்துறை அதிகாரி இந்த முறையை இங்கே கொண்டுவர முயன்றார். 1884-ல் இந்தியாவுக்கென்று ஒரு தேனீ வளர்ப்புக் கையேடே எழுதினார். ஐரோப்பாவிலிருந்து தேனீக்களையும் கொண்டுவந்து பார்த்தார்கள். நிலைக்கவில்லை.

நம் நாட்டுத் தேனீயை அந்த வெளிநாட்டுப் பெட்டியில் வைத்தால் வேறு சிக்கல். லாங்ஸ்ட்ராத் சட்டம் ஒன்றரை அடிக்கு மேல் நீளம், அப்படிப் பத்துச் சட்டம். நம் சமவெளிப் பொந்துத்தேனீ உடலிலும் சிறியது, கூட்டமும் சிறியது. நான்கு பேர் குடும்பத்தை கல்யாண மண்டபத்தில் குடிவைத்த மாதிரி ஆகிவிடும். எல்லா அடைகளையும் மூடிக் காவல் காக்க ஆள் போதாது. காலி அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டை வைக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் கூட்டமே பெட்டியை விட்டு ஓடிப்போயிருக்கும்.

இதைச் சரிசெய்தவர் தமிழ்நாட்டில் பணியாற்றிய நியூட்டன் என்ற கிறிஸ்துவப் பாதிரியார். 1910-ஐ ஒட்டி, நம் தேனீயின் அளவுக்கே ஒரு சின்னப் பெட்டி செய்தார். சட்டத்தின் உள்ளளவு சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 14 சென்டிமீட்டர் உயரம். ஏழு சட்டம். கீழே புழு வளரும் அறை, மேலே உயரம் குறைந்த தேன் அறை. கையில் தூக்கிக்கொண்டு போகலாம். விலையும் ஏழைக்குக் கட்டுப்படியாகும். 1917 வரை கிராமத்து மக்களுக்கு அவரே பயிற்சியும் கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் தென்னிந்தியாவில் புழக்கத்தில் இருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டது. 1915-ல் பீகாரிலிருந்த பூசா ஆராய்ச்சி நிலையம் சி.சி. கோஷ் எழுதிய தேனீ வளர்ப்பு நூலை வெளியிட்டது. திருவிதாங்கூர் 1917-லும் மைசூர் 1925-லும் தொடங்கின. 1928-ல் அரசு விவசாயக் கமிஷன் இதைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது. மதராஸ் மாகாணம் 1931-ல் இறங்கியது. 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கமும் தேனீயைத் தன் பட்டியலில் சேர்த்தது. கூட்டைப் பிழியாமல், புழுவைக் கொல்லாமல் தேன் எடுக்கலாம் என்பது அவருடைய கொள்கைக்கும் பொருந்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலையெல்லாம் காதி ஆணையத்திடம் போனது. அதன் தொடர்ச்சிதான் ஆரம்பத்தில் சொன்ன புனே நிறுவனம்.

மார்த்தாண்டம்

இதெல்லாம் அரசாங்கக் கணக்கு. வீட்டுக் கொல்லையில் இது உண்மையாகவே ஓடிய இடம் என்றால் மார்த்தாண்டத்தைத்தான் சொல்ல வேண்டும். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது. கோழி, முட்டை, நெசவு என்று அவர் கையில் எடுத்த உபதொழில்களில் தேனீயும் ஒன்று.

துண்டுத் துண்டாக நிலம், வீட்டைச் சுற்றித் தென்னையும் புளியும் பலாவும். நாலு பெட்டியை நிழலில் வைத்துவிட்டால் தனியாக நிலம் தேவையில்லை, தீவனம் தேவையில்லை. பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்கூடப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு ரப்பர் வந்தது. ரப்பர் மரத்தில் தேன் பூவிலிருந்து மட்டும் வருவதல்ல. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் பருவத்தில் இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பு நீர் சுரக்கும். ஜனவரிக்குப் பின் சில வாரங்கள் தேனீக்கு அதுதான் பெரிய அறுவடை. அந்தப் பருவத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் பெட்டிகளைத் தூக்கிப் போவது அந்த வட்டாரத்தின் வழக்கமாகவே ஆனது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

1991

குறியீடு கிடைத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். நடுவில் அடி விழுந்த கதை வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

1976-ல் தாய்லாந்தில் ஒரு வைரஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் தாய் சாக் புரூட். (தாய்லாந்தின் 'தாய்', அம்மா அல்ல :-)) பொந்துத்தேனீயின் புழுவைத்தான் அது தாக்கும். புழு கூட்டுப்புழுவாக மாறும் முன்பே இறந்து, தண்ணீர் நிரப்பிய பை மாதிரி ஆகிவிடும். தலைப்பக்கம் படகின் முனை போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். புது வேலைக்காரத் தேனீக்கள் பிறக்காததால் கூட்டம் சில வாரங்களில் கரைந்துவிடும். மருந்து கிடையாது. 1978-ல் வடகிழக்கு இந்தியாவில் தென்பட்டது. வடக்கே பரவியது. 1991-92-ல் தெற்கே வந்தது.

தென்னிந்தியாவில் பத்துப் பெட்டிக்கு ஒன்பது பெட்டிக்கு மேல் காலியானது. கேரளம், குடகு, குமரி எல்லாம் ஒரே மாதிரி. தலைமுறையாக வீட்டோடு இருந்த உபதொழில் இரண்டு வருடத்தில் இல்லாமல் போவது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். மாடு செத்தால் மாடு வாங்கலாம். இங்கே வாங்கவே நல்ல கூட்டம் அக்கம்பக்கத்தில் இல்லை.

திரும்ப எப்படி வந்தது? நோயிலும் தப்பிய சில கூட்டங்களிலிருந்துதான். தாக்குப்பிடித்த கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். காட்டிலும் பாறை இடுக்கிலும் பிழைத்திருந்ததைப் பிடித்து வந்து பெட்டியில் வைத்தார்கள். பல வருடம் ஆயிற்று. நோய் முழுக்கப் போய்விடவில்லை, இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆனாலும் பெட்டிகள் திரும்பிவிட்டன.

வந்து குடியேறிய தேனீ

இத்தாலியத் தேனீக்கு வருவோம். அதைக் கொண்டுவரும் முயற்சி எண்பது வருடமாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் காங்ரா பக்கம் நக்ரோட்டா பக்வானில் (அப்போது பஞ்சாப், இப்போது இமாசலம்) அட்வால் தலைமையிலான பஞ்சாப் வேளாண் விஞ்ஞானிகள் வேறு வழியைப் பிடித்தார்கள். நம் பொந்துத்தேனீக் கூட்டத்தின் ராணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இத்தாலிய ராணியை வைத்தார்கள். நம் வேலைக்காரத் தேனீக்கள் அந்நிய ராணியின் பிள்ளைகளை வளர்த்தன. அவை வயதாகிச் சாகச் சாக, பெட்டி முழுவதும் இத்தாலியக் கூட்டமாக மாறியது. அதாவது, வெளிநாட்டுத் தேனீயை இந்த மண்ணில் வளர்த்து ஆளாக்கியது நம் நாட்டுத் தேனீ!

அதன் பிறகு வடக்கே தொழிலே மாறிப்போனது. நல்ல பராமரிப்பில் இத்தாலியத் தேனீ பெட்டிக்கு வருடம் 25 முதல் 40 கிலோ கொடுக்கும். நம் தேனீ சுமார் 5 முதல் 10 கிலோ. கடையில் கிடைக்கும் தேனில் பெரும்பங்கு இப்போது இத்தாலியத் தேனீயுடையது. ஆனால் அந்த 40 கிலோ சும்மா வராது. நூற்றுக்கணக்கான பெட்டிகளை லாரியில் ஏற்றி, குளிர்காலத்தில் கடுகு வயலுக்கும், மார்ச்சில் முசாஃபர்பூர் லிச்சித் தோப்புக்கும் பூவைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். உண்ணி வேறு. வர்ரோவா என்ற உண்ணியை நம் தேனீ தன் உடம்பிலிருந்து தட்டிவிட்டுக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும், ஆதியிலிருந்தே பழக்கம். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் குறைவு. ஆள் கவனிக்காவிட்டால் கூட்டம் போய்விடும்.

இந்தக் கதை ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்வது

என் கருத்து இதுதான். கிலோக் கணக்கைப் பார்த்து இத்தாலியத் தேனீ வாங்கிக் கொல்லையில் வைப்பது, டக்ளஸ் காலத்துத் தவறையே மறுபடி செய்வது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று பெட்டி வைக்கும் குடும்பத்துக்கு, தென்னிந்தியாவிலும் மகாராஷ்டிரத்திலும், பொந்துத்தேனீயும் அதன் அளவுக்குச் செய்த சின்னப் பெட்டியும்தான் பொருத்தம். பஞ்சாப், ஹரியானாவில் இருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தில் இத்தாலியத் தேனீதான் கிடைக்கும். அங்கே ஒரு அனுபவசாலியின் துணையோடு ஆரம்பியுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கொட்டாத கொசுத்தேனீ. வருடத்துக்குச் சில நூறு கிராம் தேன்தான் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஒரு பெட்டியோடு ஆரம்பிக்காதீர்கள், இரண்டு வையுங்கள். ஒன்றில் ராணி போய்விட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றை மாற்றி வைக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். மார்த்தாண்டத்துக் குடும்பங்கள் செய்தது போல நிழலில், தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. வாரம் ஒருமுறை திறந்து புழுக்களைப் பாருங்கள். பூ இல்லாத மழைக்காலத்தில் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். புழு அறைத் தேனில் கை வைக்காதீர்கள், அது அவற்றின் சாப்பாடு. நன்றாக இருக்கும் பெட்டிக்கு, நோய் வந்த இடத்திலிருந்து சட்டம் கொண்டுவராதீர்கள். 1991 சொல்லிக் கொடுத்த பாடம் அது.

வீட்டில் யாருக்காவது தேனீ கொட்டினால் மூச்சுத் திணறலோ உடம்பு முழுக்கத் தடிப்போ வருமென்றால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, சொந்தப் பெட்டித் தேனாக இருந்தாலும், நாக்கில் தடவக்கூடக் கூடாது. பாட்டிகள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பயிற்சிக்குப் புனே நிறுவனம் இருக்கிறது. கோயம்புத்தூர், பெங்களூர், லூதியானா வேளாண் பல்கலைக்கழகங்களிலும் சொல்லித் தருகிறார்கள். அதற்கும் முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, உங்கள் தெருவில் முருங்கை எப்போது பூக்கிறது, புங்கம் எப்போது, வேம்பு எப்போது, எந்த மாதத்தில் ஒன்றுமே இல்லை என்று பிள்ளைகளை விட்டு ஒரு வருடம் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் காலியான மாதங்கள் நிறைய இருந்தால் முதலில் மரம் வையுங்கள், பெட்டியை அப்புறம் வாங்கலாம்.